ஈட்டிக்காரன் குதிரைக்காரனை வெல்வானா?

சென்னை ஓஎம்ஆரில் வேலை, ரேடியல் ரோட்டை ஒட்டி வீடு என்று வாழ்கிற இளைஞர்கள் கோவிலம்பாக்கத்திலும் கீழ்க்கட்டளையிலும் ஏராளம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேமில் படை திரட்டுவது அவர்களில் பலருக்குப் பழக்கம். தோற்றவர் வாயில் முதலில் வருகிற சொல் ‘ஓபி’. எதிராளியிடம் இருக்கும் படைவகைக்கு அளவுக்கு மீறிய பலம் கொடுத்துவிட்டார்கள், அதைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது அவர் வாதம். ஜெயித்தவரோ, ‘உனக்கு ஆடத் தெரியலைடா’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். இருவருக்கும் நடுவே நியாயம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், திரைக்குப் பின்னால் ஓடும் கணக்கைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும். பெரிய கணிதம் இல்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரு தரப்புக்கும் சமமான பலம் இருந்தால்தான் ஆட்டம் நியாயமானது என்று பலர் நினைக்கிறார்கள். கோயில் மண்டபங்களின் கல்தரையிலும் ஊர்ப் பாறைகளிலும் கீறிக்கிடக்கும் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டவே தெரியாது. பதினைந்தும் கட்டத்தில் இறங்கும்வரை இறங்கிய ஆடு நகரவும் முடியாது. ஒரு புலியையும் ஓர் ஆட்டையும் தனியே எதிரெதிரே நிறுத்தினால் போட்டியே இல்லை. ஆனாலும் நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் மூன்று புலிகளும் மூலையில் முடங்கிவிடும். ஆட்டின் பின்னால் இன்னோர் ஆடு நின்றால் அதைத் தாண்ட முடியாது. அதுதான் அதன் கவசம். ஆடுகளின் எண்ணிக்கையையும் கட்டத்தின் அளவையும் தலைமுறை தலைமுறையாக ஆடிப்பார்த்துத்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் கட்டம் வேறு. அங்கே 4 புலி, 20 ஆடு. எண்ணைக் கட்டத்துக்குத் தக்கபடி மாற்றியிருக்கிறார்கள். பலம் சமமாக இருக்கவேண்டியதில்லை. இரு பக்கத்துக்கும் வெல்ல ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது ஆயுதத்துக்கு வருவோம். ரேடியல் ரோட்டில் மேற்கே சில கிலோமீட்டர் போனால் பல்லாவரம். 1863 மே 30 அன்று அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரிதான் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. வெட்ட, பிளக்க, தோண்ட எனப் பல வேலைக்கும் அந்த ஒரு கல்லே உதவியிருக்கும். அப்படிப்பட்ட உலகத்தில் ஆயுத வகை என்ற பேச்சே எழாது. வெட்டுவது, குத்துவது, நசுக்குவது, எய்வது என்று பிரிக்கவேண்டிய தேவை, எதிரே நிற்பவன் தன்னை விதவிதமாக மூடிக்கொள்ளும்போதுதான் வருகிறது. மாயாஜால உலகத்துப் போர் கேமை வடிவமைக்கிறவர்கள் பலர் முதலில் ஆயுதப் பட்டியலை நீளமாக எழுதுகிறார்கள். கவசத்தைப் பிறகு ஒட்டுகிறார்கள். இது தலைகீழ் வேலை என்பது என் எண்ணம். எதிரில் மூன்றே விதமான உடம்புகள் இருந்தால் பத்து வகை ஆயுதத்தில் ஏழு வெறும் படம்தான்.

கவசம் அடியைத் தாங்குவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கழித்தல், இன்னொன்று சதவீதம். பப்ஜி ஆடியவர்களுக்குச் சதவீத முறை கைவந்த கலை. லெவல் 1 வெஸ்ட் 30 சதவீதம் தாங்கும், லெவல் 2 போட்டால் 40, லெவல் 3-க்கு 55. சின்னத் துப்பாக்கியோ பெரிய துப்பாக்கியோ, எதன் குண்டானாலும் அதே விகிதத்தில்தான் குறையும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வேறு வழியில் போகிறது. அங்கே தாக்குதல் எண்ணிலிருந்து கவச எண்ணைக் கழிக்கிறார்கள். எவ்வளவு கழித்தாலும் குறைந்தது 1 அடி விழும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சின்னது, விளைவில் பெரியது. 4 பலமுள்ள ஓர் அம்பும் 30 பலமுள்ள ஒரு பாறாங்கல்லும் ஒரே ஆளின்மேல் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கவசம் 30 சதவீதம் தாங்கினால் அம்பு 2.8 ஆகும், கல் 21 ஆகும். இரண்டுக்கும் ஒரே விகிதத்தில் நஷ்டம். கவசம் 3 புள்ளியைக் கழித்தால் கல் 27 ஆகும், அம்போ வெறும் 1. கல்லுக்கு அந்தக் கவசம் ஒரு பொருட்டே இல்லை; அம்புக்கு அது கோட்டைச் சுவர். ஆகவே கழித்தல் முறையில் சிறிய, வேகமான ஆயுதங்கள் எல்லாம் கவசத்தின்முன் சட்டென்று செத்துப்போகும். பெரிய, மெதுவான ஆயுதங்கள் தப்பிக்கும்.

இந்த முறைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் சாதாரண வில்லாளியின் தாக்கு 4. எறியீட்டி வீரனுக்கு அம்பைத் தாங்கும் கவசம் 3. ஆக ஒவ்வோர் அம்பும் 1 அடிதான். வில்லாளிப் படைக்காரர் கொல்லன் பட்டறையில் முதல் மேம்பாட்டை வாங்கினால் தாக்கு 5, அடி 2. எண்ணில் ஒன்றுதான் கூடியது, சேதம் இரட்டிப்பாகிவிட்டது! எதிராளி பதிலுக்குத் தன் கவசத்தில் ஒரு புள்ளி ஏற்றினால் மறுபடி 1-க்கே திரும்பும். கொல்லன் பட்டறைக்குள் நடக்கும் இந்த ஓட்டப் பந்தயத்தைக் கவனிக்காமல் ‘வில்லாளி ஓபி’ என்று சொல்கிறவர், பெரும்பாலும் பட்டறையில் ஒரு படி பின்தங்கியவராகத்தான் இருப்பார்.

இனி தலைப்புக் கேள்வி. ‘குதிரைக்கு ஈட்டி’ என்பது இந்த வகை கேம் ஆடும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதே ஆட்டத்தின் எண்களை வைத்தே பார்ப்போம். முதல் நிலை ஈட்டிக்காரனுக்கு உயிர் 45, தாக்கு 3, குதிரைப்படைமேல் மட்டும் கூடுதலாக 15. நைட் எனப்படும் கவசக் குதிரைவீரனுக்கு உயிர் 100, தாக்கு 10, நேரடிச் சண்டையில் கவசம் 2. ஈட்டியின் 3-இலிருந்து கவசம் 2 போனால் 1. அதோடு 15 சேர்ந்தால் 16. அப்படி ஏழு குத்து விழுந்தால்தான் குதிரைவீரன் சாவான். அவனோ ஐந்தே வெட்டில் ஈட்டிக்காரனை முடித்துவிடுவான். போதாததற்கு, ஈட்டிக்காரன் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவே 3 விநாடி எடுத்துக்கொள்கிறான், குதிரைவீரனுக்கு 1.8 விநாடி போதும். ஒருவனுக்கு ஒருவன் என்றால் ஈட்டிக்காரன் தோற்பான், சந்தேகமே இல்லை.

பிறகு எப்படி அது குதிரைக்கு மாற்று? விலையில் இருக்கிறது விடை. ஈட்டிக்காரனுக்கு 35 உணவு, 25 மரம். குதிரைவீரனுக்கு 60 உணவு, 75 தங்கம். ஒரு குதிரைவீரனுக்கு ஆகும் 135-ஐவிடக் குறைந்த செலவில் இரண்டு ஈட்டிக்காரர்கள் வந்துவிடுவார்கள். இருவர் சேர்ந்து குத்தினால் குதிரைவீரன் ஒருவனைக் கொன்று இரண்டாமவனிடம் விழுவான். மேலும் தங்கம் அந்த வரைபடத்தில் தீர்ந்துபோகும் பொருள். மரமும் உணவும் அவ்வளவு எளிதில் தீராது. ஒரு மணி நேரம் நீளும் ஆட்டத்தின் கடைசியில் தங்கச் சுரங்கம் வற்றியபின், ஈட்டிக்காரனை மட்டும் தொடர்ந்து இறக்கிக்கொண்டே இருக்கலாம். ஆக, ஆயுதமும் கவசமும் சேர்ந்த கணக்கில் விலையை விட்டுவிட்டால் பாதிக் கணக்குதான் பார்த்ததாகும். பப்ஜியிலும் இதே விதிதான் வேறு உடையில் இருந்தது. லெவல் 3 ஹெல்மெட் போட்டவரை ஒரே குண்டில் சாய்க்கும் ஏடபிள்யூஎம் துப்பாக்கி தரையில் எளிதில் கிடைக்காது. பெரும்பாலும் வானிலிருந்து விழும் பெட்டியில்தான் வரும். அந்தப் பெட்டியை நோக்கி ஓடுகிறவரை நாலு பேர் குறிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே விலை என்பது அந்த ஓட்டம்.

அடுத்தது வகைப் பட்டியல்: எந்த வகைத் தாக்குதல் எந்த வகைக் கவசத்தில் எத்தனை சதவீதம் பலிக்கும் என்ற கணக்கு. 2003-இல் வார்கிராஃப்ட் 3-க்கு வந்த ஃப்ரோசன் த்ரோன் என்ற விரிவாக்கத்தில் இதைத் தீவிரமாகச் செய்திருந்தார்கள். அம்பு வகைத் தாக்குதல் இலேசான கவசத்தின்மேல் 200 சதவீதம். மந்திரம் கனமான கவசத்தின்மேல் 200. கட்டடங்களின் அரண்மீது அம்பு வெறும் 35, முற்றுகைக் கருவி 150. மனப்பாடம் செய்தவருக்கு இது வேதம். செய்யாதவருக்கு இருட்டு. கனத்த இரும்புச் சட்டை போட்ட காலாளைப் பார்த்தால் ‘கனம்’ என்று கண்ணே சொல்லிவிடும், அதில் குறையில்லை. ஆனால் எலும்பும் பனியுமாக வானத்தை அடைத்துக்கொண்டு பறக்கும் ஃப்ராஸ்ட் வைர்ம் என்ற ராட்சதப் பிராணியின் கவசம் ‘இலேசு’ என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? பட்டியலைப் படித்தால்தான் தெரியும். தோற்றம் ஒன்று சொல்லி எண் வேறொன்று சொன்னால், ஆடுகிறவர் தோற்பது எதிராளியிடம் அல்ல, பட்டியலிடம்.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தது இலவசமாகவே கிடைக்கும் ‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’. 2003 முதல் பலர் கூடிச் செதுக்கிவரும் திறந்தமூல ஆட்டம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதில் எலும்புக்கூட்டு வீரனுக்கு வெட்டு 40 சதவீதமும் குத்து 60 சதவீதமும் குறைவாகப் படும்; கதாயுதம் போன்ற நசுக்கும் அடியோ 20 சதவீதம் கூடுதலாக விழும். ஏன் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. விலா எலும்புக்கு நடுவே ஈட்டி போனால் என்ன ஆகிவிடும்? சம்மட்டி விழுந்தால்தான் நொறுங்கும். மாய உலகம் என்பதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். பிராணி கற்பனையாக இருக்கலாம், அதன் உடம்பு காரணத்தோடு இருக்க வேண்டும்.

பட்டியலின் எண்கள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுதான் அடுத்த சிக்கல். என் கட்சி இது: ஒரு வகை இன்னொரு வகையை நோக்கிச் சாய்ந்திருக்கலாம், சண்டை தொடங்குமுன் தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 1996 முதல் ஒரு முக்கோணம் வந்தது. வாள் கோடரியை மிஞ்சும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. கல்-தாள்-கத்தரி போலத் தோன்றினாலும் அப்படி இல்லை. கேம்பாய் அட்வான்ஸில் வந்த பதிப்புகளில் சாதகமான ஆயுதத்துக்குக் கிடைத்தது சேதத்தில் 1 புள்ளியும் குறிதப்பாமையில் 15 சதவீதமும்தான். நல்ல இடம் பிடித்த அனுபவசாலி ஈட்டிக்காரன் கோடரிக்காரனையும் சமாளிப்பான். சாதகத்தை 200 சதவீதமாக ஏற்றினால் இடம், எண்ணிக்கை, நேரம் எதுவும் மிஞ்சாது. எந்தப் படையை இறக்குவது என்று ஊகிக்கும் சூதாட்டமாகத்தான் ஆட்டம் சுருங்கும்.

தமிழ்நாட்டுப் போர்முறையை வைத்து ஒரு கேம் செய்யலாம் என்று கனவு காண்கிறவர்கள் இப்போது உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கவசப் பேச்சு மிகவும் தேவை. தோல், வளையம், தகடு என்ற ஐரோப்பிய வரிசையை அப்படியே இறக்குமதி செய்தால் நம் ஊர்ப் படை அதில் பொருந்தாது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, வீரர்கள் ஈட்டியும் கேடயமும் மட்டும் ஏந்தி வெற்றுடம்போடு போருக்குப் போவதைக் குறிப்பிடுகிறார். அதற்காகக் கவசமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. யானைமேல் வரும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியின் புலித்தோல் கவசமும், அம்பு பாய்ந்து அது கிழிந்திருப்பதும் புறநானூற்றில் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரிகளைப் பார்க்கலாம். நுனி தடித்த கட்டாரி வளையக் கவசத்தைக் குத்தித் துளைப்பதற்கானது. கவசம் இருந்தது, ஆனால் எல்லார் உடம்பிலும் இல்லை. அப்படியென்றால் இந்த மண்ணில் கவசத்தின் வேலையைச் செய்தவை எவை? கேடயம், யானையின் உயரம், கோட்டை மதில், நெருங்கி நிற்கும் அணி.

அவற்றில் யானைக்கு இருந்த ஓட்டை வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 949-இல் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே அம்புபட்டு இறந்தான். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்ற பெயர் அவனுக்கு நிலைத்தது. 1054-இல் கொப்பத்தில் ராசாதிராசனும் யானைமேலேயே உயிர்விட்டான். மிருகத்தின் தோலை அம்பு துளைக்கவேண்டியதில்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறார், அது போதும். கேமில் யானைக்கு ஒரே உயிர்ப்பட்டை வைக்காமல், யானைக்கு ஒன்றும் அதன்மேல் இருப்பவருக்கு ஒன்றுமாக இரண்டு வைத்தால் இந்த வரலாறு தானாகவே ஆட்ட விதியாகிவிடும். வில்லாளி யானையை வெல்வது அப்போது பட்டியலால் அல்ல, காரணத்தால்.

குதிரைக்கும் வரலாறே விதி சொல்லும்: இங்கே அது கடல்கடந்து வந்த விலையுயர்ந்த பொருள். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டியர்கள் குதிரைக்காக அரபு வணிகர்களிடம் கொட்டிக்கொடுத்த செல்வத்தைக் கண்டு மார்க்கோ போலோ வியக்கிறார். 2022 ஏப்ரலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. அதில் ராசேந்திர சோழன் கதையோடு வரும் திராவிடர் படைக்கு நைட் வரிசையே கிடையாது. காலாட்படையும் கப்பலும்தான் பலம். சுருள்வாள் வீசும் வீரன் அவர்களுக்கே உரியவன். நைட் இல்லாத குறையை ஈடுகட்ட ‘ஊட்ஸ் ஸ்டீல்’ என்ற மேம்பாடு கொடுத்தார்கள். கொடுமணல் போன்ற இடங்களில் உலைத் தடயம் கிடைத்திருக்கும் அதே தென்னாட்டு உருக்கு. அதை வாங்கினால் காலாட்படையும் குதிரைப்படையும் எதிராளியின் கவசத்தைக் கழிக்காமல் முழு அடி அடிக்கும்.

கேட்டவுடன் பயமுறுத்தும் விதி. அதனால்தான் கணக்குப் போட வேண்டும். தாக்கு 17, எதிரே கவசம் 5, உயிர் 160 என்று கொள்வோம். கவசத்தைக் கழித்தால் 14 வெட்டு வேண்டும். கழிக்காவிட்டால் 10 போதும். பெரிய சலுகைதான். ஆனால் கவசமே இல்லாத வில்லாளி எதிரே நின்றால் இந்த மேம்பாட்டுக்குக் கொடுத்த உணவும் தங்கமும் வீண். எதிராளி புத்திசாலியென்றால் விலை உயர்ந்த கவசத்தில் பணம் போடுவதை நிறுத்திவிட்டு, மலிவான ஆட்களைத் தூரத்திலிருந்து எய்ய வைப்பார். ஆக, கவசத்தை ஊடுருவும் ஆயுதம் கேமை உடைக்குமா என்பது அந்த ஆயுதத்தின் எண்ணைப் பொறுத்ததல்ல. கவசம் இல்லாமல் ஜெயிக்க எதிராளிக்கு இன்னொரு வழி திறந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எல்லாரும் கவசத்தையே நம்பும் ஒரு கேமில் இதே விதி நாசம் செய்யும்.

கல்லூரித் திட்டப்பணியாகவோ ஆசைக்காகவோ சொந்தமாக கேம் எழுதிப் பார்க்கிறவர்களுக்குச் சோதனை பற்றி ஒரு வார்த்தை. ஒருவனுக்கு ஒருவன் சண்டை விட்டுப் பார்ப்பது ஏமாற்றும். ஈட்டிக்காரன் கதை மேலே பார்த்தோம். ஒரே செலவுக்கு இரு பக்கமும் எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேரை மோதவிட வேண்டும். பிறகு இருபது பேருக்கு இருபது பேர். இருபது வில்லாளிகளும் ஒரே நேரத்தில் எய்வார்கள். இருபது வாள்வீரர்களில் முன்வரிசைக்குத்தான் எதிரி எட்டுவான். இதனால் கூட்டம் பெருகப் பெருக எட்டத்திலிருந்து அடிப்பவர்களின் பலம் கூடிக்கொண்டே போகும். சிறு கைகலப்பில் சரியாக இருந்த எண் பெரும்போரில் தப்பாகும்.

ஆடுகிறவரின் திறமையும் கணக்கில் வர வேண்டும். எய்துவிட்டுப் பின்வாங்கி மறுபடி எய்யத் தெரிந்தவர் கையில் வில்லாளி ஒரு படை. நிறுத்திவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர் கையில் அதே வில்லாளி இன்னொரு படை. எண் இருவருக்கும் ஒன்றே. புதியவர்களின் புகாருக்காக அதை ஏற்றினால் தேர்ந்தவர்களின் ஆட்டம் கெடும். ஆகவே புகார் வந்த அன்றே எண்ணில் கைவைக்காமல், ஆடுகிறவர்களே ஒரு மாற்று கண்டுபிடிக்கிறார்களா என்று சில வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அப்போதும் சிக்கல் தீராவிட்டால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே எண்ணை.

எந்த எண்ணை, எவ்வளவு? அதற்கு மேலே சொன்ன ஈட்டியே உதாரணம். குதிரைமேல் அதன் கூடுதல் 15. ஒரு குத்து 16. குதிரைவீரன் சாக ஏழு குத்து. கூடுதலை 14 ஆக்கினால் குத்து 15 ஆகும், ஆனாலும் ஏழே குத்துதான். பலத்தைக் குறைத்துவிட்டோம் என்று அறிவித்தாலும் களத்தில் எதுவும் மாறியிருக்காது. 13 ஆக்கினால் எட்டாவது குத்து தேவைப்படும், குதிரைவீரனுக்கு இன்னும் 3 விநாடி கிடைக்கும். மாறாக 16 ஆக ஒரே ஒரு புள்ளி ஏற்றினால் ஆறு குத்திலேயே கதை முடிந்துவிடும். கீழே ஒரு புள்ளி இறக்கினால் ஒன்றும் இல்லை, மேலே ஒரு புள்ளி ஏற்றினால் ஒரு குத்து மிச்சம். எண்ணைத் தொடுவதற்கு முன் இந்த வகுத்தலை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.